'டேம்ப் ஸ்குவிப்'னா நமத்துப்போன வெடி! சிவகாசி பட்டாசை வைத்தே ஈஸியா புரிஞ்சுக்கலாம் இந்த இங்கிலீஷ் சொலவடைகளை

பெரிய எதிர்பார்ப்போடு வந்த படம் ஓடவில்லை என்றால் 'புஸ்வாணம் ஆயிடுச்சு' என்கிறோம். ரெண்டு பேருக்கு நடுவே சண்டை மூட்டிவிட்டால் 'கொளுத்திப் போட்டுட்டான்'. மேடையில் ஒருவர் வெளுத்து வாங்கினால் 'சரவெடி பேச்சு'. நிஜ சரவெடிக்கு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. செய்தித் தலைப்புகளில் மட்டும் அது இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கிலீஷ்காரர்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள். வெடிமருந்து, திரி, ராக்கெட் என அவர்கள் கண்ணால் பார்த்த பொருள்களில் இருந்து பிறந்த இடியம்கள் ஏராளம். இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் மறுநாளே மறந்துவிடும். பின்னால் இருக்கும் பொருள் தெரிந்தால் மறக்காது. விருதுநகர் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பொருள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

முக்கியமான சிலவற்றைப் பார்ப்போம்.

1. டேம்ப் ஸ்குவிப்

'ஸ்குவிப்' என்பது சின்ன வெடி. 'டேம்ப்' என்றால் ஈரம். நமத்துப்போன வெடி வெடிக்காது. பெரிதாக எதிர்பார்த்து ஒன்றுமில்லாமல் போன எதற்கும் இதைச் சொல்லலாம். 'தி மேட்ச் வாஸ் எ டேம்ப் ஸ்குவிப்' என்றால் மேட்ச் புஸ்ஸுனு போச்சு.

இங்கிலாந்திலேயே சிலர் இதை 'டேம்ப் ஸ்குவிட்' என்று தப்பாகச் சொல்வார்கள். 'ஸ்குவிட்' என்பது கணவாய் மீன். அது ஈரமாக இருப்பதில் என்ன அதிசயம்?

2. கீப் யுவர் பவுடர் ட்ரை

மருந்தை ஈரம் படாமல் வைத்திரு, அதாவது தயாராக இரு, ஆனால் அவசரப்படாதே. 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆலிவர் கிராம்வெல் தன் படைவீரர்களிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆனால் அந்தக் கதையைப் பரப்பியது 1834-ல் வெளியான ஒரு கவிதைதான்.

இதை சிவகாசிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். 1920-களில் தீப்பெட்டித் தொழிலும், 1940-களில் பட்டாசுத் தொழிலும் இங்கே வேர்விட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் மழை குறைந்த, வறண்ட வானிலை. மருந்து நமக்காமல் காய வேண்டும். அந்த வெயில் இங்கே தாராளம்.

3. ஃப்ளாஷ் இன் த பேன்

இந்த 'பேன்' தோசைக்கல் இல்லை. பழைய காலத்துத் துப்பாக்கியில் கொஞ்சம் மருந்து வைக்கும் சின்னத் தட்டு. சில நேரம் அந்த மருந்து மட்டும் பளிச்சென்று எரியும், குண்டு வெளியே வராது. ஒரே ஒரு ஹிட் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறவர்களை இப்படிச் சொல்வார்கள்.

டேம்ப் ஸ்குவிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அது பத்தவே பத்தாதது. இது ஒருமுறை மின்னிவிட்டு அணைந்துபோவது.

4. ஷார்ட் ஃபியூஸ்

இங்கே 'ஃபியூஸ்' என்றால் திரி. திரி குட்டையாக இருந்தால் பற்றவைத்த உடனே வெடிக்கும். 'ஹி ஹேஸ் எ ஷார்ட் ஃபியூஸ்' என்றால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

'ப்ளோ எ ஃபியூஸ்' என்பது வேறு. அது கரண்ட் ஃபியூஸ். ஆத்திரத்தில் கத்துவதைக் குறிக்கும். நாம் களைத்துப்போனால் 'ஃபியூஸ் போச்சு' என்கிறோமே, அந்த அர்த்தத்தில் இதைப் பயன்படுத்தக் கூடாது.

5. லைட் த ப்ளூ டச் பேப்பர்

பிரிட்டிஷ் பட்டாசுகளில் திரிக்குப் பதிலாக வெடியுப்பில் நனைத்துக் காயவைத்த நீலக் காகிதம் இருக்கும். 'நீலக் காகிதத்தைக் கொளுத்திவிட்டு உடனே விலகிவிடுங்கள்' என்ற பொருளில் பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள். பின்னாளில், ஒரு பேச்சைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பதற்கு இந்த வரி பெயராகிவிட்டது. நம்ம ஊர் 'கொளுத்திப் போடுறது' இதேதான்.

6. கோ அப் லைக் எ ராக்கெட், கம் டவுன் லைக் எ ஸ்டிக்

ராக்கெட் மாதிரி மேலே போய், குச்சி மாதிரி கீழே விழுவது. எட்மண்ட் பர்க் என்ற அரசியல்வாதியை 1792-ல் தாமஸ் பெய்ன் இப்படிக் கிண்டல் செய்ததில் இருந்து இது பிரபலம். ஆற்காடு நவாபின் கடன் விவகாரம் பற்றி 1785-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முழங்கிய அதே பர்க்தான்!

7. ஹேங் ஃபயர்

துப்பாக்கி விசையை இழுத்த பிறகும் உடனே சுடாமல் தாமதமாகச் சுடுவது. முடிவு எடுக்காமல் இழுத்தடிக்கப்படும் திட்டங்களுக்கு இந்திய இங்கிலீஷ் நாளிதழ்கள் இதை அடிக்கடி பயன்படுத்தும்.

இதில் ஒரு பாதுகாப்புப் பாடமும் இருக்கிறது. பற்றவைத்தும் வெடிக்காத வெடி, நமத்த வெடியாகவும் இருக்கலாம், தாமதமாக வெடிக்கப்போவதாகவும் இருக்கலாம். கிட்டே போய் எட்டிப் பார்க்கவே கூடாது.

'கைஸ்' வந்த கதை தெரியுமா?

ரீல்ஸ் எல்லாம் 'ஹாய் கைஸ்' என்றுதான் ஆரம்பிக்கிறது. இந்த 'கை' ஒரு வெடிமருந்துச் சதியில் பிறந்தது. 1605 நவம்பர் 5 அன்று இங்கிலாந்து நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கும் சதியில், மருந்துப் பீப்பாய்களோடு பிடிபட்டவர் கை ஃபாக்ஸ். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பட்டாசு விட்டு, அவர் உருவபொம்மையை எரிப்பார்கள். பொம்மையின் பெயர் 'கை'. அது கந்தலுடுத்திய ஆளைக் குறித்து, பிறகு எந்த ஆணையும் குறித்து, இன்று எல்லோரையும் அழைக்கும் சொல்லாகிவிட்டது.

நம்ம ஊர் இங்கிலீஷ், வெளியூர் இங்கிலீஷ்

சிவகாசியில் 'ஃபயர் ஆபீஸ்' என்றால் பட்டாசு ஆலை. வெளியூரில் இதைச் சொன்னால் தீயணைப்பு நிலையம் என்று நினைப்பார்கள். நாம் 'ஃப்ளவர் பாட்' என்னும் புஸ்வாணம் வெளிநாட்டில் 'ஃபவுண்டன்'. 'கிரவுண்ட் சக்கர்' சொன்னால் புரியாது. சுழலும் மத்தாப்புக்கு அங்கே 'கேத்தரின் வீல்' என்று பெயர். 'பர்ஸ்ட் கிராக்கர்ஸ்' நம் நாட்டுப் பேச்சு. அவர்கள் 'செட் ஆஃப் ஃபயர்வொர்க்ஸ்' அல்லது 'லெட் ஆஃப்' என்பார்கள். அதிலும் 'கிராக்கர்' என்றால் பிரிட்டனில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பிஸ்கட் அல்லது கிறிஸ்துமஸ் விருந்தில் இழுக்கும் காகிதக் குழல்.

ரெண்டுமே தப்பில்லை. யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த ஒரு வார்த்தையில் மட்டும் கவனம்!

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம் இது. இங்கே சில இங்கிலீஷ் வார்த்தைகள் தப்பாகப் புரிந்தால் போவது மார்க் இல்லை, உயிர்.

'இன்ஃப்ளேமபிள்' அப்படி ஒரு வார்த்தை. 'இன்விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரியாதது. அந்தக் கணக்கில் 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்காதது என்றுதான் தோன்றும். ஆனால் அர்த்தம் நேர் எதிர்: எளிதில் தீப்பற்றக்கூடியது. 'ஃப்ளேமபிள்' என்றாலும் அதேதான். தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். இந்தக் குழப்பம் ஆபத்து என்பதால்தான், 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுங்கள் என அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே வலியுறுத்தியது. நம்ம ஊர் டேங்கர் லாரிகளில் இன்னும் பழைய வார்த்தையைப் பார்க்கலாம்.

இன்னொன்று 'அட் ஆர்ம்ஸ் லெங்த்'. கம்பி மத்தாப்பைக் கையை முழுதாக நீட்டிப் பிடிக்கச் சொல்வது. இதுவே இடியமும்கூட: 'கீப் ஹிம் அட் ஆர்ம்ஸ் லெங்த்' என்றால் அந்த ஆளை எட்டவே வை, நெருங்கவிடாதே.

எப்படிக் கற்றுக்கொள்வது?

* ஒவ்வொரு இடியத்துக்கும் ஜோடியாக ஒரு தமிழ்ப் பேச்சைப் பிடியுங்கள். டேம்ப் ஸ்குவிப் - நமத்த வெடி. ஷார்ட் ஃபியூஸ் - மூக்குக்கு மேல் கோபம்.

* தமிழை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷாக்க வேண்டாம். 'புஸ்வாணம் ஆயிடுச்சு' என்பதை 'இட் பிகேம் எ ஃப்ளவர் பாட்' என்றால் கேட்பவருக்குப் பூந்தொட்டிதான் ஞாபகம் வரும்.

* விண்ணப்பம், அலுவலக மெயில், புகார்க் கடிதம் ஆகியவற்றில் இடியம் வேண்டாம். பேச்சில் பயன்படுத்துங்கள். இன்டர்வியூவில் ஒன்று, பொருத்தமான இடத்தில் வந்தால் போதும்.

* பெட்டியிலோ டிரம்மிலோ இருக்கும் எச்சரிக்கையில் ஒரு வார்த்தை சந்தேகமாக இருந்தால் ஊகிக்காதீர்கள். தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.