மலைக்கு இப்பாலும் அப்பாலும்

கல்வராயன் மலைமீது நின்று மேற்கே நோக்கினால் சேலம் சீமை. கிழக்கே நோக்கினால் கள்ளக்குறிச்சிச் சமவெளி. 1937-இல் ஒரு சட்டம் மேற்கே வந்தது, கிழக்கே வரவில்லை. அச்சட்டத்தைக் கொணர்ந்த மூதறிஞர் இராஜாஜியைக் குறித்து இங்கே சிந்திக்க விழைகிறோம்.

1878 டிசம்பர் 10-ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த அவர், சேலத்தில் வழக்கறிஞராகப் பெரும்பொருள் ஈட்டினார். 1917-இல் அந்நகராட்சியின் தலைவரானார். பின்னர் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுத் தொழிலைத் துறந்தார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்தார். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழை நடத்தினார். குடியால் சிதைந்த ஏழைக் குடும்பங்களை அருகிருந்து கண்டவர் அவர்.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அக்டோபர் முதல் நாளே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அடுத்து சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. கள்ளக்குறிச்சியை உள்ளடக்கிய தென்னார்க்காடு அவற்றுள் இல்லை. கள், சாராய வருவாய் குறைந்தமையால், அதனை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைப் புகுத்தினார். ஏழையின் குடியால் கருவூலம் நிறையலாகாது என்பதே அவர்தம் கொள்கை.

எனினும், அவர் குறைகளை மறைத்தல் முறையன்று. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்துச் சிறைசென்றோருள் நடராசன், தாளமுத்து ஆகிய இருவர் 1939-இல் உயிர்நீத்தனர். 1952-இல் தேர்தலில் நில்லாமலே, மேலவைக்கு நியமனம் பெற்று முதலமைச்சரானார். மறு ஆண்டில் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், குலக்கல்வி எனக் கண்டனத்துக்குள்ளாயிற்று. 1954-இல் பதவி விலகினார். மக்கள் மனத்தைவிடத் தம் அறிவையே அவர் பெரிதும் நம்பினார் எனலாம். செபதேயுவின் மக்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் அமர இடம் கேட்டபோது, ஆண்டவர் அவர்களுடைய ஆர்வத்தைத் தணிக்கவில்லை. அதனைத் தொண்டின்பால் திருப்பினார். இராஜாஜியின் வாழ்வில் இவ்விரு நாட்டங்களும் இறுதிவரை போராடின என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948-இல், மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் உரியதாயிற்று. 1971-இல் அது தளர்த்தப்பட்டபோது, 92 வயது முதியவரான இராஜாஜி முதலமைச்சரை நேரில் கண்டு வேண்டாவென மன்றாடினார். பயனில்லை. அடுத்த ஆண்டு, 1972 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளன்று மறைந்தார்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அரசின் மதுக்கடைகள் திறந்திருந்தும், கூலித் தொழிலாளர் மலிவான நஞ்சையே நாடினர். கடையைத் திறத்தலும் ஏழையைக் காக்கவில்லை. சட்டம் மட்டுமே காத்துவிடும் என்பதற்கும் வரலாறு உறுதி தரவில்லை.

அங்ஙனமாயின் நம் கடமை யாது? ஞாயிறு திருப்பலியில் நற்கருணைக் கிண்ணத்தின்முன் பணியும் நாம், பங்குத் திருவிழா முடிந்த இரவில் நம் தெருக்களில் நிகழ்வதைக் கண்டும் காணாதிருக்கிறோம். கூலிப்பணம் வீடு வந்து சேருமோ எனத் திண்ணையில் காத்திருக்கும் தாய்க்கு நம் மறையுரைகள் என்ன ஆறுதல் தந்தன? ஒரு மனிதர் மேலிருந்து இட்ட சட்டம் தளர்ந்துபோகலாம். அன்பியந்தோறும் ஒரு குடும்பத்தையேனும் குடியினின்று மீட்டெடுக்க நாம் முனைந்தால், அப்பணியை எந்த அரசாணையும் தளர்த்த இயலாது.