டேனிஷ் கோட்டைச் சிறையும் சீகன்பால்கு ஐயரும்

கங்கைகொண்ட சோழபுரத்திற்குத் தென்கிழக்கே, தரங்கம்பாடிக் கடற்கரையிலுள்ள டேனிஷ் கோட்டையை நாம் சுற்றுலாத் தலமாகவே காண்கிறோம். அங்கேதான் சீகன்பால்கு ஐயர் 1708 நவம்பர் முதல் நான்கு மாதங்கள் சிறையிருந்தார். ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசியது, ஆளுநர் ஹாசியுஸ் அவர்மேல் கொண்ட சினத்திற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. அவரை அடைத்தவர்கள் பிறமதத்தாரல்லர். லுத்தரன் சபையைச் சேர்ந்த டேனியரே. இது போதகராகிய நம்மை உறுத்தவேண்டிய செய்தி.

அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு நின்றுபோயிற்று. ஆயினும் அவர் புலம்பிக் கிடக்கவில்லை. கிறிஸ்தவ வாழ்க்கையையும் போதக ஊழியத்தையும் குறித்துச் சிறையிலேயே எழுதினார். விதவையின் வழக்கினிமித்தம் உபத்திரவப்பட்டவருடைய சந்தோஷம் அது. அநீதியைச் சகித்திருக்கச் செய்யும் மயக்கமருந்தாக அதை நாம் பிரசங்கிப்பது தகாது.

1709 மார்ச்சில் விடுதலையானார். 1711இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. 1715இல் தரங்கம்பாடியிலேயே அச்சேறிற்று.