தோல் வட்டாரத்துப் பள்ளிகளில் கைவேலையும் அறிவியலும்: தொழிற்பள்ளி முதல் ரோபோ ஆய்வகம் வரை

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் தொடரும் தோல் தொழில் வட்டாரம், 2019 வரை வேலூர் என்ற ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியிருந்து, பின்னர் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களுக்குள் பிரிந்தது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் தனித்தனிப் பாடங்களாக நிறுத்தாமல், மாணவர் தம் கையால் ஒன்றைச் செய்து பார்ப்பதன் வழியே சேர்த்துக் கற்பிக்கும் 'ஸ்டெம்' முறையும் அதன் ஒரு கிளையான ரோபோட்டிக்ஸ் வகுப்பும் பிற ஊர்களில் அண்மைக்காலப் புதுமையாகவே பேசப்படுகின்றன. இவ்வட்டாரத்திலோ, பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் கைக்கு என்ன வேலை கொடுப்பது என்ற கேள்வி சாதியோடும் பிழைப்போடும் பின்னிக் கிடந்தமையால், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1853-இல் அமைக்கப்பட்ட அமெரிக்க ஆற்காடு மிஷன், பின்னாளில் காட்பாடியில் தொழிற்பள்ளி நடத்தித் தச்சு, உலோக வேலை போன்றவற்றைக் கற்பித்தது; ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பரம்பரைத் தொழிலுக்கு வெளியே ஒரு பிழைப்பைத் தேடித் தருவது அதன் நோக்கமாக இருந்தது. தோல் வணிகத்தில் செல்வம் ஈட்டிய முஸ்லிம் வணிகர்களின் கொடை வேறொரு திசையில் சென்றது. 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியும், 1965-இல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரியும், 1969-இல் ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரியும் தோன்றின. இவை கலை, அறிவியல் கல்லூரிகள். தோலைக் கற்பிக்கவென்று எழுந்தவை அல்ல. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்துப் பதனிடும் பழைய முறைக்கு மாற்றாகக் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோதித்ததும் சென்னையில்தான். 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்ததும் சென்னை அடையாறில்தான். தோலின் வேலை ஆம்பூரிலும் தோலின் வேதியியல் அடையாறிலுமாக ஏற்பட்ட இந்தப் பிளவு, இவ்வட்டாரத்துப் பள்ளிக் கல்வியின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது.

கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைக்க வேண்டும் என்ற காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டம் 1937-இல் வார்தாவில் முன்வைக்கப்பட்டபோது, நூற்பும் நெசவும் வழியாகக் கணக்கையும் அறிவியலையும் கற்பிக்க முடியும் என்பதே அதன் அடிப்படையாக இருந்தது. கற்பித்தல் முறை என்ற அளவில் இன்றைய ஸ்டெம் வகுப்புக்கு இதைவிட நெருக்கமான உறவுடைய இந்திய முன்னோடி வேறில்லை எனலாம். ஆயினும், 1953-இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று அறிவித்தபோது, அது குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்றுப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்த எதிர்ப்பின் நியாயத்தைத் தோல் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்: நெசவாளர் பிள்ளைக்குத் தறி என்றால், தோல் தொழிலாளியின் பிள்ளைக்குச் சுண்ணாம்புக் குழி. மகன் டேனரிக்கு (தோல் பதனிடும் ஆலைக்கு) போகக் கூடாது என்பதற்காகவே அவனைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்க்கு, கையால் கற்பது என்ற பேச்சே ஐயத்துக்குரியதாகத்தான் இருந்திருக்கும். 1954-இல் முதலமைச்சரான காமராஜரின் அரசு இத்திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டில் அவர் சட்டமன்றத்துக்கு இடைத்தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட தொகுதி இவ்வட்டாரத்துக் குடியாத்தம் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

அதன் பின்னர்க் கைவேலை, பள்ளியில் ஓர் ஓரத்துப் பாடமாகச் சுருங்கியது. கோத்தாரிக் குழு (1964-66) பத்தாம் வகுப்பு வரை அறிவியலைக் கட்டாயமாக்குவதோடு 'பணி அனுபவம்' என்ற பகுதியையும் பரிந்துரைத்தது. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டிகளை வழங்கியது என்றாலும், உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தில் பல பெட்டிகள் பீரோவிலேயே தங்கிவிட்டன. இக்காலத்தின் முதன்மையான மாற்றம் வகுப்பறைக்கு வெளியே நிகழ்ந்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், சிறுவரை ஈடுபடுத்தக் கூடாத வேலைகளின் பட்டியலில் தோல் பதனிடுதலையும் பீடி சுற்றுதலையும் சேர்த்தது. இவை இரண்டும் இவ்வட்டாரத்தின் பெருந்தொழில்கள். சிறுவரின் கை பிழைப்புக்கு உரியதன்று என்று சட்டம் சொன்ன பிறகே, அந்தக் கை கற்றலுக்கு உரியது என்று பள்ளி தயக்கமின்றிச் சொல்ல வழி பிறந்தது.

1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அது 1987 முதல் வெளியிட்டுவரும் 'துளிர்' இதழும், 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும், உள்ளூர்ச் சிக்கலொன்றை எடுத்து அளந்து ஆராயும் பழக்கத்தைப் பள்ளி மாணவரிடம் பரப்பின. ஆய்வுக்குரிய சிக்கலைத் தேடி அலைய வேண்டிய நிலை இவ்வட்டாரத்தில் இல்லை. டேனரிக் கழிவுநீரால் பாலாறும் கிணறுகளும் கெட்டதை முன்வைத்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மூலத் தீர்ப்புகளில் ஒன்று. இதற்கிடையில், ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைவழிக் கற்பித்தலைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பிள்ளைகள் தரையில் அமர்ந்து பொருள்களைக் கையாண்டு கற்பது அரசு வகுப்பறையில் இயல்பான காட்சியாயிற்று.

ரோபோ இந்த வரிசையில் கடைசியாக வந்தது. குழந்தை ஒரு பொருளை உருவாக்கும்போதே அறிவையும் உருவாக்கிக்கொள்கிறது என்ற கணினி அறிஞர் சீமோர் பேப்பர்ட்டின் கருத்து 1980-இல் நூலாக வெளிவந்தது. 1998-இல் லெகோ நிறுவனம் ரோபோப் பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005-இல் இத்தாலியில் உருவான அர்டுயினோ என்ற சிறு மின்பலகை, உணரிகளிடமிருந்து தகவலைப் பெற்று மோட்டார்களையும் விளக்குகளையும் இயக்கும் வேலையை மலிவாக்கியது. 2016-இல் நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவருக்கென அறிவித்த ஆய்வகங்கள், அர்டுயினோ பலகை, முப்பரிமாண அச்சுப்பொறி ஆகியவற்றோடு பள்ளி ஒன்றுக்கு ரூ.20 லட்சம் வரை நிதியுதவியைக் கொண்டவை. ஆனால், 1,500 சதுர அடி இடம் கேட்ட அத்திட்டம், கட்டட வசதி உள்ள பள்ளிகளுக்கே முதலில் கைகொடுத்தது இயல்பு. 2022 நவம்பர் 28-இல் திருச்சி காட்டூர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றம் எதிர்த்திசையில் நடந்தது: ஆய்வகத்தைக் கட்டாமல், எளிய பொருள்களுடன் கருத்தாளரைப் பள்ளி பள்ளியாக அனுப்பி, ஏறத்தாழ 13,200 அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவரைச் சென்றடைய முனைந்தது. பரப்பையும் சிக்கனத்தையும் கருதினால் இரண்டாவது வழியே மேலானது. ஆயினும், ஒரு பெட்டியின் முன் ஒரு மாணவர் நெடுநேரம் உட்கார்ந்து பிழை திருத்தும் வாய்ப்பு முதலாவதில்தான் உண்டு.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. கோட்டைப் பின்தொடரும் வண்டி, தடையைக் கண்டு திரும்பும் வண்டி எனச் செய்முறைகள் எல்லா ஊருக்கும் ஒன்றாகவே அமைகின்றன. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கணினி வரைந்த அளவுப்படி இயந்திரம் தோலை வெட்டுவதும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நீரின் அமிலத்தன்மையைக் கருவி தொடர்ந்து பதிவதும் அதே நுட்பத்தின் முதிர்ந்த வடிவங்கள்; வகுப்பறைப் பாடத்தில் அவற்றுக்கு இடமில்லை. தோலின் பெயரே பாடத்தில் வரக் கூடாது என்ற பழைய தயக்கத்துக்கு இதில் பங்கு இருக்கக் கூடும். அத்தயக்கம் மதிக்கத்தக்கதே, எனினும், தோலை ஆராய்வதும் தோலில் உழைக்கப் பழக்கப்படுவதும் ஒன்றல்ல. நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் மலிவு உணரியை அர்டுயினோ பலகையில் இணைத்தால், குடிநீருக்கு உகந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காதபோது ஏற்கத்தக்க உச்சவரம்பு 2,000 மில்லிகிராம் என்ற இந்தியத் தர அளவுகளோடு தன் தெருக் கிணற்றை எட்டாம் வகுப்பு மாணவியே ஒப்பிட்டுவிட முடியும். 2025-26 ஒன்றிய நிதிநிலை அறிக்கை ஐந்தாண்டுகளில் 50,000 அடல் ஆய்வகங்களை அரசுப் பள்ளிகளுக்கு அறிவித்துள்ள நிலையில், இம்மூன்று மாவட்டங்களின் கல்வித்துறை தன் பங்கைக் கேட்டுப் பெறும்போது, முதல் செய்முறையாகப் பாலாற்றுப் படுகையின் கிணற்று நீரைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும்.