ஒலித்திசை அறிதல்

சத்தம் வரும் திசையை இரு காதுகளையும் ஒப்பிட்டு மூளை கணிக்கும் திறன். திருநெல்வேலி டவுண் ரத வீதியில் ஆனித் தேரோட்டத்தன்று இடப்பக்கம் கொட்டும் தவிலோசை இடக்காதை முதலில் எட்டும். வலக்காதைச் சேர மிஞ்சிப்போனால் 0.7 மில்லிவினாடி கூடுதலாகும்; அதுவே போதும். கீச்சொலிகளைத் தலை மறைப்பதால் ஒரு காதில் சத்தம் குறையும், அதுவும் துப்புதான். இவ்விரண்டையும் இணைத்து 1907-இல் விளக்கியவர் ரேலே பிரபு. கடைச்சுவர்களில் பட்டு எதிரொலித்தாலும், முதலில் வந்த ஓசையின் திசையையே மூளை நம்பும். மேலா கீழா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் உணர்த்தும்.

இதில் கூகையிடம் மனிதர் தோற்றுப்போவார்கள். அதன் இடக்காதுத் துளை சற்று மேலே அமைந்து கீழ்நோக்கியும், வலக்காதுத் துளை கீழே அமைந்து மேல்நோக்கியும் ஒலி வாங்கும். வட்டமுகம் ஓசையைக் குவித்துத் தரும். கும்மிருட்டில் வயல் எலியின் சரசரப்பு ஒன்றே போதும், பாய்ந்துவிடும். அபசகுனம் என்று இதை விரட்டுவது நெல் விளையும் ஊருக்கு நட்டம்.

சுவர்க்கோழிக்குக் காது முன்னங்கால்களில். காதிடைவெளி மிகச் சிறிது என்பதால் நேர வேறுபாடு உதவாது. உடலுக்குள் ஓடும் காற்றுக்குழாய் இரு காதுகளையும் இணைக்க, சவ்வின் இருபுறமும் ஒலி மோதுகிறது. அந்த வித்தியாசத்தைக் கொண்டே பெண் பூச்சி ஆணின் அழைப்பைத் தேடிச் செல்கிறது.