உரியவர் இல்லாத புத்தகம்



1996 ஜூலை 24ஆம் திகதி தெகிவளையில் புகையிரதத்துக்குள் குண்டுகள் வெடித்தன. பயணப்பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டவை அவை. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில வாரங்களின் பின், பத்திரிகைத்தாளில் சுற்றிய சிறுகதைத் தொகுதியொன்றை ஆசனத்தில் மறந்துவிட்டு வெள்ளவத்தையில் இறங்கினேன். "ஐயா, உங்கட பார்சல்! எடுத்துக்கொண்டு போங்கோ!" என்று யன்னலால் ஒருவர் பதறினார். ஓடிப்போய் வாங்கினேன். நன்றி சொல்லவும் அவர் முகம் இடந்தரவில்லை. உரியவர் இல்லாத பொருளுக்கு நாம் அஞ்சி வாழ்ந்த காலமது.

அந்த முகம் மறக்காததாலோ என்னவோ, 2001 ஏப்ரலில் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு வழக்கம் எனக்கு வியப்பளிக்கிறது. கைமாறிச் செல்லும் கமராக்களையும் டொலர் நோட்டுக்களையும் இணையத்தளங்கள் வழியே சிலர் பின்தொடர்வதைக் கண்ட றொன் ஹோர்ன்பேக்கர், புத்தகத்தையும் அப்படி விட்டால் என்ன என்று எண்ணினார். 'புக்குறொசிங்' என்ற தளம் பிறந்தது. புத்தகத்தைப் பதிந்து, கிடைக்கும் இலக்கத்தை உள்ளே எழுதி, பூங்கா வாங்கிலோ தேநீர்க்கடையிலோ விட்டுவிடவேண்டும். எடுத்தவர் வாசித்து, தளத்தில் இரண்டு வரி எழுதி, மறுபடி எங்காவது விடுவார். 2004இல் அச்சொல் ஒக்ஸ்போர்ட் சுருக்க அகராதியிலும் இடம்பெற்றது.

ஆனால் விட்ட நூல்களிற் பெரும்பாலானவை பற்றிச் செய்தி வருவதில்லை. கொடுத்தவருக்கு அறியும் ஆவல் இருக்கத்தானே செய்யும். அதை நான் குறைசொல்லேன்.

விஸ்கொன்சின் மாநிலத்து ஹட்சனில் டொட் போல் 2009இல் வேறொன்று செய்தார். ஆசிரியையாயிருந்த தாயின் நினைவாக, பள்ளிக்கூட வடிவில் ஒரு மரப்பெட்டியைச் செய்து முற்றத்தில் நாட்டி நூல்களை வைத்தார். நூலுக்கு இலக்கமில்லை; எடுத்தவர் யாரென்ற கேள்வியுமில்லை. 2018இல் அவர் மறையும்போது அத்தகைய பெட்டிகள் பல்லாயிரமாகியிருந்தன.

இவற்றைவிட என்னைத் தொட்டது லண்டன் செய்தி. 2005 ஜூலையில் குண்டுகள் வெடித்த அதே சுரங்க ரயில் பாதைகளில், 2016 நவம்பரில் நடிகை எம்மா வொட்சன், மாயா ஏஞ்சலோவின் நினைவுநூலொன்றின் நூறு பிரதிகளைக் கைப்பட எழுதிய குறிப்புகளோடு விட்டுச்சென்றார்.

மறுவருடம் நானும் துணிந்தேன். அதே சிறுகதைத் தொகுதி. இம்முறை தாள் சுற்றவில்லை. "தொலைந்ததல்ல, வாசிக்க எடுங்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கோட்டைப் புகையிரத நிலைய வாங்கொன்றில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். காவலர் ஒருவர் வந்தார். எடுத்தார், பக்கங்களை விரித்து உதறினார், குறிப்பை வாசித்தார். பிறகு, அட்டை மேலே தெரியும்படி நேராக வைத்துவிட்டு நடந்தார்.

என் புகையிரதம் வந்துவிட்டது.