கற்போர் கைக்கு வந்த வயலின்: நாடிழந்த கைவினைஞர் வரலாறு

வயலின் கற்கத் தொடங்கும் ஒருவர் முதலில் எதிர்கொள்ளும் வினா, எந்தக் கருவியை வாங்குவது என்பதாகும். கடையில் தொங்கும் கருவிகள் யாவும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே உள்ளன; விலையோ ஒன்றுக்கொன்று பன்மடங்கு வேறுபடுகிறது. பழைய கருவி ஒன்றை எடுத்து அதன் ஒலித்துளை வழியே உள்ளே நோக்கினால், மங்கிய தாள் ஒன்றில் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரியின் பெயர் லத்தீன் மொழியில் அச்சிடப்பட்டிருப்பதைப் பல வேளைகளில் காணலாம். முன்னோர் விட்டுச்சென்ற கருவியில் இப்பெயரைக் கண்டு, பெருஞ்செல்வம் கிடைத்ததென மகிழ்ந்து, பின்னர் ஏமாற்றமடைந்த குடும்பங்கள் உலகெங்கும் உள்ளன. அப்பெயர் அங்கு எவ்வாறு வந்தது? அக்கருவியை உண்மையில் செய்தவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை தேடிச் செல்வோமாயின், இசை வரலாற்றில் புறப்பட்டுத் திருச்சபை வரலாற்றில் வந்து சேருகிறோம். மனச்சாட்சியின் பொருட்டு நாடிழந்த லூத்தரன் சபையினரே கற்போர்க்குரிய மலிவான வயலினை உலகிற்கு வழங்கிய தொழிலுக்கு வித்திட்டவர்கள். அவர்களது வரலாற்றையும், அது கருவி வாங்குவோர்க்கு உணர்த்துவதையும் இக்கட்டுரையில் காண்போம்.

1. வயலினும் சமயப் பிளவும்

வயலின் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியில் உருவாயிற்று. கிரெமோனா நகரில் அந்திரேயா அமாத்தி தொடங்கிய பட்டறை மரபு, 1737இல் மறைந்த ஸ்ட்ராடிவாரியின் காலத்தில் உச்சநிலையை எய்தியது. இப்பட்டறைகளின் கருவிகள் அரசவைகளுக்கும் பேராலயங்களுக்கும் பிரபுக்களின் இல்லங்களுக்கும் சென்றன. எளியோர் அவற்றை எண்ணிப் பார்க்கவும் இயலாது.

ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, திரோல் நாட்டின் அப்சாம் என்னும் சிற்றூரில் யாக்கோபு ஸ்டைனர் வாழ்ந்தார். 18ஆம் நூற்றாண்டிலும் ஜெர்மானிய நாடுகளிலும் இங்கிலாந்திலும் ஸ்ட்ராடிவாரியின் கருவிகளைவிட இவருடைய கருவிகளே மேலாக மதிக்கப்பெற்றன. இத்தகைய பெருங்கலைஞரும் லூத்தரின் கொள்கைச் சார்புடையவர் எனக் குற்றஞ்சாட்டப்பெற்று 1669இல் சிறையில் அடைக்கப்பட்டார். சமயப் பிளவின் கொடுமை கைவினைஞரின் பட்டறை வரையிலும் எட்டியது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

பொகீமிய நாட்டில் அக்கொடுமை மேலும் பரந்த அளவில் நிகழ்ந்தது. 1620 நவம்பர் 8ஆம் நாள் பிராகு நகருக்கு அருகே வெண்மலைப் போரில் சீர்திருத்தச் சபையினரின் படை தோல்வியுற்றது. 1627ஆம் ஆண்டின் புதிய ஆட்சிச் சட்டம் கத்தோலிக்க சமயம் ஒன்றையே அந்நாட்டில் அனுமதித்தது. கல்வியியல் அறிஞராக நாம் போற்றும் கொமேனியுஸ் 1628இல் தாய்நாட்டை நீங்கிச் சென்றதும் இதன் விளைவே. அறிஞர்களும் ஆயர்களும் சென்றதைத் திருச்சபை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்களோடு தச்சரும் நெசவாளரும் வயலின் செய்வோரும் சென்றனர் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

2. எல்லை கடந்த பன்னிரு கைவினைஞர்

பொகீமியாவின் வடமேற்கு எல்லையில் கிராஸ்லிட்ஸ் என்னும் சுரங்க நகரம் இருந்தது. அங்கு வயலின் செய்யும் தொழிலும் வேரூன்றியிருந்தது. முப்பதாண்டுப் போர் 1648இல் முடிவுற்ற பின்னர், அந்நகரின் லூத்தரன் மக்கள்மீது கத்தோலிக்க சமயத்தை மீண்டும் ஏற்குமாறு நெருக்குதல் மிகுந்தது. ஏற்க மனமில்லாதோர் எல்லையைக் கடந்து சாக்சனி நாட்டின் பகுதியாகிய போக்ட்லாந்திற்குச் சென்றனர். அது நெடுந்தொலைவு அன்று. ஒரு நாள் நடையில் கடந்துவிடக் கூடியதே. எனினும் வீட்டையும் நிலத்தையும் முன்னோரின் கல்லறைகளையும் விட்டுச் செல்லும் அந்த நடை எளிதானதாக இருந்திருக்க முடியாது.

அவ்வாறு சென்றோரில் பலர் நொய்கிர்கென் என்னும் சிற்றூரில் குடியேறினர். புதிய ஆலயம் என்பதே அப்பெயரின் பொருள். பிற்காலத்தில் அவ்வூர் மார்க்நொய்கிர்கென் என வழங்கலாயிற்று. அங்கு 1677ஆம் ஆண்டில், கிராஸ்லிட்சிலிருந்து வந்த பன்னிரு வயலின் கைவினைஞர் ஒன்றுகூடி, ஆட்சியாளரின் ஒப்புதலுடன் தங்களுக்கெனக் கைவினைஞர் சங்கம் ஒன்றை நிறுவினர். தொழில் பயில்வோர் ஆசானிடம் பயிற்சி பெறவும், தேர்ச்சியைத் தம் கைவேலையால் மெய்ப்பிக்கவும், தொழிலின் தரம் காக்கப்படவும் அச்சங்கம் வழிவகுத்தது. அகதிகளாய் வந்தோர் அண்டை அயலாரின் இரக்கத்தை மட்டுமே நம்பி வாழாமல், தம் கைத்தொழிலின் நேர்மையால் புதிய நாட்டில் இடம் பெற்றனர்.

3. குடிசைத் தொழிலும் வணிகரும்

தொடக்கத்தில் ஒரு கைவினைஞரே முழு வயலினையும் செய்தார். தேவை பெருகவே வேலை பங்கிடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு வீட்டில் கழுத்தும் சுருள்தலையும் செதுக்கினர். மற்றொரு வீட்டில் மேற்பலகையையும் அடிப்பலகையையும் குடைந்தனர். வேறொரு வீட்டில் வில் செய்தனர். எல்லைக்கு அப்பால் பொகீமியப் பகுதியில் இருந்த ஷேன்பாக் என்னும் ஊரிலிருந்து வயலின் உடல்கள் பெருந்தொகையாக வந்தன. சமயம் பிரித்த எல்லையை வணிகம் இவ்வாறு மீண்டும் இணைத்தது. உறுப்புக்களைச் சேர்த்து மெருகூட்டி, மார்க்நொய்கிர்கென் வணிகர் உலகெங்கும் அனுப்பினர். அமெரிக்க வணிகம் அத்துணை பெருகியதால், 1893 முதல் 1916 வரை அச்சிறு நகரில் அமெரிக்க அரசின் தூதரக அலுவலகம் ஒன்றே இயங்கிற்று.

இதனால் விளைந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பிரபுக்களின் மாளிகையில் இருந்த கருவி, உழவர், ஆலைத் தொழிலாளர், சிற்றூர் ஆசிரியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் கிட்டியது. அமெரிக்காவில் அஞ்சல்வழி வணிக நிறுவனங்கள் சில டாலர் விலையில் வில்லும் பெட்டியும் சேர்த்து வயலினை விற்றன. கற்போர்க்குரிய வயலின் என்று ஒரு தனிவகை தோன்றியது இவ்வாறே.

ஆயினும் அம்மலிவுக்கு விலை கொடுத்தோர் வேறு சிலர். வீடுகளில் வேலை செய்தோர் உறுப்புக் கணக்கில் கூலி பெற்றனர். கூலி குறையக் குறைய வேலை நேரம் நீண்டது. மனைவியும் மக்களும் முதியோரும் உடன் உழைத்தனர். வணிகரின் மாளிகைகள் எழுந்த அதே ஊரில் கைவினைஞரின் வறுமையும் வளர்ந்தது. வேலையில் குறுக்கு வழிகளும் புகுந்தன. மேற்பலகையின் உட்புறத்தில் தனியே பொருத்தி ஒட்டவேண்டிய தாங்குசட்டத்தைப் பலகையிலேயே செதுக்கி விட்டனர். மூலைகளில் வைக்கவேண்டிய மரக்கட்டைகளை வையாது விட்டனர். ஓரத்தில் பதிக்கவேண்டிய மெல்லிய மரக்கோட்டினை மையால் வரைந்தனர். மனச்சாட்சிக்காக எல்லாவற்றையும் இழந்தோர் தொடங்கிய தொழில், இருநூறு ஆண்டுகளுக்குப்பின் உழைப்பாளரின் வயிற்றைக் கசக்கும் தொழிலாயிற்று. துன்புற்றோரின் வழித்தோன்றல்கள் என்பதனாலேயே ஒரு சமுதாயம் நீதியுடையதாகிவிடுவதில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

4. பெயர்ச்சீட்டின் கதை

இனி, ஸ்ட்ராடிவாரியின் பெயர் எவ்வாறு வந்தது எனக் காண்போம். ஸ்ட்ராடிவாரி, அமாத்தி, மாஜீனி, ஸ்டைனர் ஆகியோரின் வடிவமைப்புகளைப் பின்பற்றிக் கருவிகள் செய்யப்பட்டபோது, எவருடைய வடிவம் என்பதைக் குறிக்க அவரவர் பெயர் தாங்கிய சீட்டு உள்ளே ஒட்டப்பட்டது. சில டாலர் கொடுத்து வாங்கியவர், அதை ஸ்ட்ராடிவாரியே செய்தார் என நம்பியிருக்கமாட்டார். ஆதலின் தொடக்கத்தில் இதனை முழு வஞ்சகம் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் கருவி கைமாறிக் காலமும் கடந்தபோது, விலை மறந்துபோயிற்று; சீட்டு மட்டும் எஞ்சியது. வடிவத்தைக் குறித்த பெயர், செய்தவரைக் குறிப்பதாயிற்று.

1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என விதித்தது. எனவே ஸ்ட்ராடிவாரியின் பெயருக்குக் கீழேயே ஜெர்மனி என்னும் சொல்லும் அச்சாயிற்று. நாட்டின் பெயரைச் சட்டம் வெளிப்படுத்தியது. செய்தவரின் பெயரோ வெளிப்படவேயில்லை. இலட்சக்கணக்கான வயலின்களைச் செய்த அப்பெண்களும் ஆண்களும் சிறாரும் தம் பெயரை ஒரு சீட்டிலும் கண்டதில்லை.

5. பின்னர் நிகழ்ந்தவை

முதல் உலகப்போரில் ஜெர்மானியக் கருவிகளின் வரவு தடைப்பட்டபோது, ஜப்பானின் நகோயா நகரில் சுசுகி மசாகிச்சி நடத்திய தொழிற்சாலை பெருவளர்ச்சி கண்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஏறத்தாழ 30 இலட்சம் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். ஷேன்பாக் ஊரின் கைவினைஞரும் அவர்களுள் அடங்குவர். 1949 முதல் அவர்களுட் பலர் பவேரியாவின் பூபன்ராய்ட் என்னும் சிற்றூரில் குடியேறித் தொழிலைத் தொடர்ந்தனர். 17ஆம் நூற்றாண்டில் லூத்தரன் மக்கள் அடைந்த நிலையை, 20ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் கத்தோலிக்கரான அண்டை ஊரார் அடைந்தனர். நாடிழத்தல் எந்தச் சபைக்கும் தனியுரிமை அன்று. இந்நாளில் கற்போர்க்குரிய வயலின்களில் பெரும்பகுதி சீனாவின் தொழிற்சாலைகளில் செய்யப்படுகிறது.

6. நம் நாட்டில்

தமிழகத்தில் ஐரோப்பிய வயலினை நம் இசைக்குரியதாக்கியோருள் பாலுசுவாமி தீட்சிதர் முதன்மையானவர். 1786 முதல் 1859 வரை வாழ்ந்த இவர், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் இக்கருவியைக் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அளித்த வயலின் புகழ்பெற்றது, அது தந்தத்தாலானது. கிறிஸ்தவரும் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை 1917இல் வெளியிட்டவருமாகிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், திண்டுக்கல்லில் சடையாண்டிப் பத்தரிடம் வயலின் பயின்றார். தந்த வயலின் அரசரின் பரிசு. எளிய மாணாக்கரோ கடையில் வாங்கும் கருவியையே நம்பியிருக்க வேண்டும். நம் சபைகளில் கீர்த்தனைகளுக்கு வயலின் வாசிக்க முன்வரும் இளைஞரின் நிலையும் இதுவே. பாடகர் குழுவிற்குக் கருவி வாங்கித் தருமாறு ஆயரிடமே கேட்கப்படுவதும் உண்டு. ஆகவே கருவியைத் தேரும் முறையையும் சிறிது கூறுதல் நலம்.

7. தேர்ந்து வாங்கும் முறை

முதலாவது, அளவு. முழு அளவு வயலினின் உடல் ஏறத்தாழ 35.5 சென்டிமீட்டர் நீளமுடையது. சிறுவர்க்கு முக்கால், அரை என்னும் அளவுகள் உள்ளன. வளர்ந்தபின் பொருந்தும் என எண்ணிப் பெரிய கருவியை வாங்கித் தருவது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் அது பிள்ளையின் கையையும் ஆர்வத்தையும் ஒருங்கே கெடுக்கும்.

இரண்டாவது, உடலின் நலம். பலகைகளின் ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தால் எளிதில் ஒட்டிவிடலாம்; அதற்கெனவே பிரிக்கத்தக்க பசை இத்தொழிலில் பயன்படுகிறது. மேற்பலகையில் குதிரையை ஒட்டிய இடத்தில் விரிசல் இருப்பின் அக்கருவியைத் தவிர்த்தலே நன்று. அவ்விடத்திற்குக் கீழே, இரு பலகைகளுக்கும் இடையே, ஒரு சிறு மரத்தண்டு பசையின்றி நிற்கிறது. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அதனை வயலினின் ஆன்மா என்றே அழைக்கின்றனர். அது சாய்ந்தாலோ இடம் பெயர்ந்தாலோ நல்ல கருவியும் நாதமிழக்கும்.

மூன்றாவது, கையாளுதல். விரற்பலகை கருங்காலியாலானதா, கருமை பூசப்பட்ட மென்மரமா எனக் காணவேண்டும். கமகத்திற்கு விரல் வழுக்கிச் செல்லவேண்டியிருத்தலால், பலகையில் பள்ளங்கள் இருத்தலாகாது. தந்திகள் மிக உயர்ந்து நின்றால் விரல் நோகும். பிருடைகள் எளிதில் திரும்பவும் வேண்டும், திருப்பிய இடத்தில் நிற்கவும் வேண்டும். வில்லை நுனியிலிருந்து நோக்கினால் கோணலின்றி இருத்தல் வேண்டும். இக்குறைகளுட் பல, திறமையான கைவினைஞர் ஒருவரால் சிறு செலவில் நீங்கும். அச்செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடவேண்டும்.

நான்காவது, நாதம். கற்கத் தொடங்குவோர் தாமே வாசித்துத் தெளிய இயலாது. ஆசிரியர் ஒருவர் ஒரே வில்லினால் இரண்டு மூன்று கருவிகளை வாசிக்க, வாங்குவோர் சற்றுத் தொலைவில் நின்று கேட்டல் வேண்டும். விலையையும் பெயர்ச்சீட்டையும் அதுவரை அறியாதிருத்தல் நலம். பெயரை அறிந்தபின் செவி நடுநிலை இழந்துவிடுகிறது.

இவ்விதிகள் யாவும் நாம் மேலே கண்ட வரலாற்றிலிருந்து எழுகின்றன. சீட்டு பொய்யுரைக்கலாம்; ஒட்டும் செதுக்கலும் பொய்யுரைப்பதில்லை. விரைந்து முடிக்குமாறு நெருக்கப்பட்ட கை விட்டுச்சென்ற குறையும், வறுமையிலும் வழுவாத கை விட்டுச்சென்ற நேர்த்தியும் மரத்தில் பதிந்தே உள்ளன. பெயரற்ற பழைய போக்ட்லாந்து வயலின்களில் சில இன்றும் இனிய நாதம் தருகின்றன. அவற்றைச் செய்தவர் பெயரை எவரும் இனி அறியப்போவதில்லை. கற்போர் ஒருவர் அதனைச் சுருதி கூட்டி வாசிக்கும் வேளையில், அக்கைகளின் உழைப்புக்கு உரிய மதிப்பு ஓரளவேனும் கிட்டுகிறது.