சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் கூட்டுறவுச் சட்டமும் சங்கப் பதிவும்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டை ஒட்டிய இவ்விரு மாவட்டங்களிலும் ஊரார் கூடிச் சங்கம் அமைக்க இரண்டு மாநிலச் சட்டங்கள் உள்ளன. ஒன்று 1964ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். மற்றது 1995ஆம் ஆண்டின் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். கம்பெனியாகப் பதிவோர் மத்திய அரசின் கம்பெனிகள் சட்டத்தின்கீழ் வருவர்.

சென்னை மாகாணத்தில் உழவர் வட்டிக் கடனில் மூழ்கியிருந்த நிலையை ஆராய்ந்த ஃபிரடெரிக் நிக்கல்சன், 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கையில் ஜெர்மனியின் ரைஃபைசன் கடன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டினார். அதன் வழியில் 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் பிறந்தது. மாகாணத்தின் முதல் பதிவாளர் பி. ராஜகோபாலாச்சாரி, பின்னாளில் திருவிதாங்கூர் திவானாக இருந்தவர். அப்போது சித்தூர், வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். ஆகவே வேலூருக்கும் ஆரணிக்கும் எந்த விதியோ, சித்தூருக்கும் திருப்பதிக்கும் அதே விதி.

அந்தச் சட்டம் கேட்ட காகிதம் மிகக் குறைவு. ஒரே ஊரில் அல்லது அடுத்தடுத்த ஊர்களில் வாழும், 18 வயது கடந்த பத்துப் பேர் போதும். விண்ணப்பத்தின் அடியில் அவர்களுடைய கையெழுத்து. எழுதத் தெரியாதவருக்கு இடது பெருவிரல் ரேகை. கூடவே சங்கத்தின் துணைவிதிகள். கிராமச் சங்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர் உழவராக இருக்க வேண்டும். கடனுக்கு எல்லாரும் வரம்பின்றிப் பொறுப்பு. ஏழை உழவனின் சொல்லையும் விரல் ரேகையையும் ஈடாக ஏற்ற இந்தச் சட்டம் நம் நாட்டுச் சட்டங்களில் தனி மதிப்புக்குரியது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் கடனல்லாத பிற தொழில்களுக்கும் வழி திறந்தது. பதிவாளர் ஒப்பமிட்ட சான்றிதழே சங்கம் முறையாகப் பதிவானதற்கு முடிவான சாட்சி என்றும் அது வகுத்தது.

1911 ஏப்ரல் 1இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1932ஆம் ஆண்டின் சென்னைக் கூட்டுறவுச் சட்டம் 1953இல் ஆந்திரம் பிரிந்த பிறகும் இங்கே தொடர்ந்தது. 1960இல் சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மறு ஆண்டே சென்னை தனக்கெனப் புதுச் சட்டம் இயற்றிக்கொண்டது. ஒரே துணைவிதி மாதிரியைப் படி எடுத்து வந்த அண்டை ஊர்கள் இவ்வாறு இருவேறு பதிவாளர்களின் கீழ் வந்தன.

1964ஆம் ஆண்டுச் சட்டம் பதிவாளரின் கையை நீளச் செய்தது. 34ஆம் பிரிவின்படி அவர் நிர்வாகக் குழுவைக் கலைக்கலாம். 32ஆம் பிரிவின்படி பொறுப்பு அலுவலரை அமர்த்தலாம். சங்கத்தின் தீர்மானப் புத்தகம் உறுப்பினர் கையை விட்டு அலுவலகப் பீரோவுக்குப் போனது இக்காலத்தில்தான்.

இதற்கு மருந்தாக வந்தது 1995ஆம் ஆண்டுச் சட்டம். சவுத்ரி பிரம்ம பிரகாஷ் குழு வகுத்த மாதிரிச் சட்டத்தைத் தழுவி, என்.டி. ராமராவ் ஆட்சியில் இயற்றப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. அரசுப் பங்குத்தொகை கிடையாது, அரசு நியமன இயக்குநர் கிடையாது. தேர்தலைச் சங்கமே நடத்தும். பழைய சங்கம் இதற்கு மாற வேண்டுமானால் அரசின் பங்கைத் திருப்பித் தந்துவிட வேண்டும். 2000இல் தொடங்கிய வெலுகு வறுமை ஒழிப்புத் திட்டத்தின் ஆறு மாவட்டங்களுள் சித்தூரும் ஒன்று. அத்திட்டத்தின் மண்டல மகளிர் சமாக்யாக்கள், அதாவது மகளிர் குழுக்களின் கூட்டமைப்புகள், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழேயே பதிவாயின.

2006இல் மாநில அரசு பால் கூட்டுறவுகளை மட்டும் பிரித்து மீண்டும் 1964ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் தள்ளியது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2011 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, உறுப்பினரின் சங்க உரிமையைக் காத்தது.

சித்தூர்க் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல் மூடப்பட்டது. திருப்பதியில் 2014இல் உருவான ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனம் கூட்டுறவுச் சட்டம் இரண்டையும் விட்டு, கம்பெனிகள் சட்டத்தின் உற்பத்தியாளர் கம்பெனிப் பிரிவைத் தேர்ந்தது. அதன் பங்குதாரர் அனைவரும் கறவை மாடு வளர்க்கும் பெண்கள்.

2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமானது. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களின் கணக்கேடுகளைக் கணினிக்கு மாற்றும் மத்திய அரசுத் திட்டத்துக்கும் அதே ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது.